மாதிரி எஞ்சினுக்கு மாற்று எண்: பிரிட்டனில் ஒரு வழக்கத்தின் வரலாறு

பிரிட்டனில் மாதிரி ரயில் அமைப்போரிடையே நெடுங்காலமாக நிலைத்துவிட்ட ஒரு வழக்கம் உண்டு. கடையில் வாங்கிய மாதிரி நீராவி எஞ்சினின் பக்கத்தில் தொழிற்சாலை அச்சிட்டிருக்கும் எண்ணை அழித்து, அதே வகையைச் சேர்ந்த வேறோர் எஞ்சினின் எண்ணை அங்கே இடுவார்கள். பிறகு அந்த எண்ணுக்குரிய எஞ்சின் உண்மையில் எப்படி இருந்ததோ அதற்கேற்பக் குழாய்களையும் கைப்பிடிக் கம்பிகளையும் விளக்குக் கொக்கிகளையும் சேர்ப்பார்கள், பொருந்தாதவற்றை வெட்டி நீக்குவார்கள். வெளியாருக்கு இது பொழுதுபோக்குக்குள் ஒரு பொழுதுபோக்காகத் தோன்றினாலும், இதன் வரலாற்றைப் பின்தொடர்ந்தால், விளையாட்டுப் பொருளாகப் பிறந்த ஒன்று எப்படி ஆவணத்தின் தகுதியைக் கோரத் தொடங்கியது என்பது விளங்கும். எண் என்பது அலங்காரமாக இருந்த நிலை மாறி, சான்று காட்டவேண்டிய கூற்றாக ஆனதே இந்த வரலாற்றின் சாரம்.

இதற்கான தேவை உண்மை ரயில்வேயின் இயல்பிலிருந்தே எழுந்தது. பிரிட்டனின் பெரிய ரயில் நிறுவனங்கள் ஒரே வரைபடத்தில் நூற்றுக்கணக்கான எஞ்சின்களைக் கட்டின. லண்டன் மிட்லண்ட் அண்ட் ஸ்காட்டிஷ் நிறுவனம், அதாவது எல்.எம்.எஸ்., 1934இல் தொடங்கிய 'பிளாக் ஃபைவ்' வகையில் 1951க்குள் 842 எஞ்சின்கள் உருவாயின. கொதிகலனின் இருபுறமும் பொதிமூட்டைகள் போல நீர்த்தொட்டிகள் தொங்கும் 'பன்னியர் டேங்க்' வகையில், கிரேட் வெஸ்டர்ன் நிறுவனத்தின் 5700 வரிசை மட்டுமே 1929க்கும் 1950க்கும் இடையில் 863ஐ எட்டியது. மாதிரி செய்யும் நிறுவனமோ அச்சு வார்ப்பின் செலவை எண்ணி, ஒரு வகைக்கு ஓர் எண்ணை அல்லது இரண்டு எண்களை மட்டுமே வெளியிட்டது. தன் வீட்டு மேசையில் ஒரு சிறு பணிமனையை அமைத்து நான்கு பன்னியர் டேங்குகளை நிறுத்த விரும்பியவருக்கு, நான்கும் ஒரே எண்ணைத் தாங்கி நிற்பது பொறுக்கமுடியாத காட்சியாக இருந்திருக்கும்.

தொடக்க காலத்தில் இந்த உறுத்தலே எவருக்கும் இருக்கவில்லை. நார்த்தாம்டனில் 1899இல் தொழில் தொடங்கிய பாசெட்-லோக் நிறுவனம், நியூரம்பர்க் நகரத்து பிங் தொழிற்சாலையில் செய்வித்து விற்ற எஞ்சின்கள் உண்மையான எஞ்சின்களின் சாயலை நன்றாகவே கொண்டிருந்தன. ஆனால் அவை வசதி படைத்தோருக்கானவை. மெக்கானோ என்னும் துளையிட்ட தகட்டு விளையாட்டைக் கண்டுபிடித்த லிவர்பூலின் ஃபிராங்க் ஹார்ன்பி, 1920இல் சாவி கொடுத்து ஓட்டும் தகர ரயில்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, அவற்றின் முதல் எஞ்சின்கள் வெவ்வேறு நிறுவனங்களின் நிறங்களைப் பூண்டிருந்தும் பக்கத்தில் 2710 என்ற ஒரே எண்ணைத் தாங்கின. அந்த எண் எந்த எஞ்சினையும் சுட்டவில்லை. எஞ்சினுக்கு எண் இருக்கவேண்டும் என்ற பொதுவான எண்ணத்துக்கு மட்டுமே அது விடை சொன்னது.

1938இல் வெளிவந்த ஹார்ன்பி டப்ளோ வரிசை இந்நிலையைப் பாதி மட்டும் மாற்றியது. ஓரடியை நான்கு மில்லிமீட்டராகச் சுருக்கும் அளவில், 16.5 மி.மீ. இடைவெளியுள்ள தண்டவாளத்தில் ஓடிய இந்த வரிசையில், லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன் நிறுவனத்தின் 'சர் நைஜல் கிரெஸ்லி' என்ற எஞ்சின் தனக்குரிய 4498 என்ற எண்ணுடனேயே வந்தது. ஆனால் அதே வரிசையின் சிறிய டேங்க் எஞ்சின், அந்நிறுவனத்தின் 'என்2' வகை உடலைக் கொண்டே அன்றைய நான்கு பெரிய ரயில் நிறுவனங்களின் நிறங்களிலும் விற்கப்பட்டது. கிரேட் வெஸ்டர்ன் பச்சையில் வந்ததற்கு 6699 என்ற எண் இடப்பட்டது. அது அந்நிறுவனத்தில் உண்மையாகவே ஓடிய, அதே சக்கர அமைப்புள்ள வேறொரு வகை எஞ்சினின் எண். எண் மெய், உடல் பொய் என்ற இந்த விசித்திரக் கலப்பைச் செய்தவர்கள், வாங்குவோர் எண்ணைப் பார்ப்பார்கள், உடலைப் பார்க்கமாட்டார்கள் என்று கணித்தார்கள் போலும். அன்றைக்கு அந்தக் கணிப்பு பெரிதும் தவறவில்லை.

அதைத் தவறாக்கியவர்கள் ரயில் நிலைய மேடைகளின் ஓரத்தில் நோட்டுப் புத்தகத்துடன் நின்ற சிறுவர்கள். சதர்ன் ரயில்வேயின் அலுவலகத்தில் பணிபுரிந்த இளைஞரான இயன் ஆலன், எஞ்சின்களைப் பற்றிக் கேட்டு வந்துகொண்டே இருந்த கடிதங்களுக்கு ஒரே விடையாக அமையுமாறு 1942இல் சதர்ன் எஞ்சின்களின் எண்களைத் தொகுத்துச் சிறு நூலாக வெளியிட்டார். 'ஏபிசி' என்று பெயர் பெற்ற அந்நூல்கள் பின்னர் எல்லா நிறுவனங்களுக்கும் விரிந்தன. பார்த்த எஞ்சினின் எண்ணுக்குக் கீழே கோடிடுவது ஒரு தலைமுறையின் பழக்கமானது. எண்ணைக் கண்டவுடன் வகை, கட்டிய ஆண்டு, பணிமனை ஆகியவற்றைச் சொல்லவல்ல அத்தலைமுறை வளர்ந்து மாதிரி ரயில் வாங்கத் தொடங்கியபோது, ஏமாற்ற இயலாத வாடிக்கையாளர் கூட்டம் ஒன்று முதன்முறையாக உருவாயிற்று. 1951 முதல் ரயில்வே கரஸ்பாண்டன்ஸ் அண்ட் டிராவல் சொசைட்டி பகுதி பகுதியாக வெளியிட்ட கிரேட் வெஸ்டர்ன் எஞ்சின்களின் வரலாறும், 1950இல் தோன்றிய ஹிஸ்டாரிகல் மாடல் ரயில்வே சொசைட்டி திரட்டிய வரைபடங்களும் அந்தக் கூட்டத்தின் கையில் கிடைத்த கருவிகள்.

இடையில் உண்மை ரயில்வேயே தன் எண்களை முழுவதும் கலைத்து அடுக்கியது. 1923இல் நூற்றுக்கும் மேற்பட்ட பழைய நிறுவனங்கள் நான்கு பெரிய நிறுவனங்களாக இணைக்கப்பட்டபோது ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 1946இல் லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன் தன் எஞ்சின்கள் அனைத்துக்கும் புதிய எண்களை வகுத்தது. 1948 ஜனவரி 1இல் நான்கும் நாட்டுடைமையாகி 'பிரிட்டிஷ் ரயில்வேஸ்' பிறந்தபோது, சுமார் 20,000 நீராவி எஞ்சின்களை ஒரே வரிசைக்குள் கொண்டுவரவேண்டியிருந்தது. முதல் சில வாரங்களில் எண்ணுக்கு முன் மண்டலத்தின் முதலெழுத்தை இட்டுச் சமாளித்த நிர்வாகம், பின்னர் சதர்ன் எண்களுடன் 30,000ஐயும் எல்.எம்.எஸ். எண்களுடன் 40,000ஐயும் நார்த் ஈஸ்டர்ன் எண்களுடன் 60,000ஐயும் கூட்டுவது என்று முடிவு செய்தது. கிரேட் வெஸ்டர்ன் எஞ்சின்கள் மட்டும் பழைய எண்களையே தக்கவைத்துக்கொண்டன. அவற்றின் எண்கள் வண்ணத்தால் எழுதப்படாமல் பித்தளையில் வார்த்த பலகைகளாகப் பக்கங்களில் பொருத்தப்பட்டிருந்ததால், ஆயிரக்கணக்கான பலகைகளை மீண்டும் வார்ப்பது வீண் செலவெனப்பட்டது. இந்தச் சிக்கனத்தின் பயன் மாதிரி செய்வோரையும் வந்தடைந்தது. கிரேட் வெஸ்டர்ன் எஞ்சினுக்கு எண் மாற்ற விரும்புபவர் அச்சிட்ட எண்ணை அழிக்கவே வேண்டியதில்லை. அமிலத்தால் அரித்துச் செய்த மெல்லிய பித்தளைப் பலகையை அதன் மேலேயே ஒட்டிவிடலாம்.

எண் ஒன்று, எஞ்சின் வேறு என்ற நிலை மாதிரிகளுக்கு மட்டும் உரியதன்று என்பதையும் இங்கே குறிப்பிடவேண்டும். 1933இல் சிகாகோ கண்காட்சிக்கு எல்.எம்.எஸ். அனுப்பிய 'ராயல் ஸ்காட்' 6100, உண்மையில் 6152 என்ற எண்ணுடன் இருந்த வேறோர் எஞ்சின். அந்த மாற்றம் திருப்பப்படவேயில்லை. 1939இல் அமெரிக்கா சென்ற 'கொரனேஷன்' 6220உம் உண்மையில் 6229 'டச்சஸ் ஆஃப் ஹாமில்டன்' அணிந்த வேடம். 1952 பிப்ரவரியில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வல ரயிலை இழுக்கவேண்டிய 4082 'விண்ட்சர் காசில்' சுவிண்டன் பணிமனையில் பழுதுபார்ப்பில் இருந்ததால், 1948இல் கட்டிய 7013 'பிரிஸ்டல் காசில்' எஞ்சினுக்கு அதன் பெயரும் எண்ணும் மாற்றிப் பொருத்தப்பட்டன. இவை திரும்ப மாற்றப்படவில்லை. ஐந்தாண்டுகள் கழித்து ஹார்ன்பி டப்ளோ தன் காசில் வகை மாதிரியை வெளியிட்டபோது தேர்ந்தெடுத்த பெயர் 'பிரிஸ்டல் காசில்', எண் 7013. ஆகவே அந்த மாதிரி குறிக்கும் எஞ்சின், கண்டிப்பாகப் பேசினால், 1924இல் கட்டிய பழைய விண்ட்சர் காசில். தொழிற்சாலை இதை அறிந்து செய்ததா என்பது ஒருபுறமிருக்க, எண்ணை நம்பி உறுப்புகளைத் தேடுபவர் எத்தகைய சிக்கலில் மாட்டிக்கொள்வார் என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை.

உறுப்பு சேர்ப்பதும் எண் மாற்றுவதும் பிரிக்கமுடியாத ஒரே வேலையாக ஆனது இதனால்தான். 1950இல் ரோவெக்ஸ் நிறுவனம் பிளாஸ்டிக்கில் வார்த்து, பின்பு டிரை-ஆங் பெயரில் பெருகிய 'பிரின்சஸ்' வகை மாதிரி முதலில் 46201 'பிரின்சஸ் எலிசபெத்' ஆக வந்தது. பிறகு அதே உடலுக்கு 46205 'பிரின்சஸ் விக்டோரியா' என்ற பெயரும் சூட்டப்பட்டது. உண்மையான 6205ஓ 1938இல் மாற்றியமைக்கப்பட்டது. உட்புறச் சிலிண்டர்களுக்கு நீராவியை அளந்துவிடும் இயக்கத்தை வெளிப்புறக் கம்பிகளிலிருந்தே பெறுவதற்காக அதன் பக்கத்தில் கனமான தாங்கி ஒன்று பொருத்தப்பட்டதால், தன் வகையின் பிற எஞ்சின்களிலிருந்து அது தொலைவிலேயே வேறுபட்டுத் தெரிந்தது. அந்த வகையின் மற்ற பெரும்பாலான எண்களில் எதைத் தேர்ந்திருந்தாலும் டிரை-ஆங் மாதிரி ஓரளவு பொருந்தியிருக்கும். பொருந்தாத ஒன்றையே அது தேர்ந்துகொண்டது. பன்னியர் டேங்குகளிலோ அடுத்தடுத்த இரு எண்களே வேறு உருவங்களைக் குறிக்கும்: 8749 வரை பழைய ஓட்டுநர் அறை, 1933 முதல் வந்த 8750இலிருந்து பெரிய சாளரங்களுள்ள புதிய அறை. கடைசி இலக்கத்தில் ஒன்றைக் கூட்டியவர் எஞ்சினின் பின்பாதியையே வெட்டி மாற்றக் கடமைப்பட்டவராகிறார்.

எண்ணுடன் காலமும் சேர்ந்தே வருகிறது. பிரிட்டிஷ் ரயில்வேஸ் தொடக்கத்தில் தன் பெயரை நிலக்கரி வண்டியின் பக்கத்தில் முழுமையாக எழுதியது. 1949இல் சக்கரத்தின் மேல் நிற்கும் சிங்கம் சின்னமாயிற்று. 1956இல் கிரீடத்திலிருந்து எழும் சிங்கம் அதன் இடத்தைப் பிடித்தது. இந்த இரண்டாம் சிங்கம் எஞ்சினின் இருபுறத்திலும் முன்னோக்கிப் பார்க்குமாறு முதலில் ஒட்டப்பட்டது. வலப்பக்கம் திரும்பிய சிங்கத்துக்கு மரபுச்சின்ன அதிகாரிகளின் ஒப்புதல் இல்லையென்று பின்னர் அது திருத்தப்பட்டது. எனவே வலது பக்கத்துச் சிங்கம் எத்திசையில் பார்க்கிறது என்பதைக் கொண்டு, ஓர் எஞ்சின் எப்போது வண்ணம் பூசப்பட்டது என்று வாதிடுவோர் இன்றும் உண்டு. புகைப்பெட்டிக் கதவின் அடியில் பொருத்தும் முட்டை வடிவச் சிறு பலகை பணிமனையைக் காட்டும்: கிங்ஸ் கிராஸுக்கு 34ஏ, நைன் எல்ம்ஸுக்கு 70ஏ, ஓல்ட் ஓக் காமனுக்கு 81ஏ. ஒரு மாதிரியில் எண், சின்னம், புகைபோக்கி, நிலக்கரி வண்டி, பணிமனைப் பலகை ஆகிய ஐந்தும் ஒரே காலத்துக்குள் சந்திக்கவேண்டும். சில எஞ்சின்களுக்கு அந்தக் காலம் சில மாதங்களே நீண்டது. தேதியிட்ட ஒளிப்படமே இதில் இறுதித் தீர்ப்பு.

வேலையின் கைமுறை காலத்தோடு மாறி வந்தது. அச்சிட்ட எண்ணை நீக்க, காரின் வண்ணக் கீறல்களைத் தேய்த்து மறைக்கும் 'டி-கட்' என்ற மெருகுக் குழம்பைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு மெல்லத் தேய்ப்பது பரவலான முறை. எனாமல் வண்ணத்தைக் கரைக்கும் திரவத்தில் நனைத்த கூர் மரக்குச்சியால் சுரண்டுவோரும் உண்டு. இரண்டிலும் அடியிலுள்ள நிறம் மெருகேறிப் பளபளப்பதால், பழைய எண்ணின் சாயல் சாய்ந்த ஒளியில் தெரியும். அதை மறைக்க இறுதியில் மங்கலான வார்னிஷ் பூசவேண்டும். புதிய எண்கள் 'டிரான்ஸ்ஃபர்' என்ற தாள்களில் கிடைக்கின்றன. நீரில் ஊறவைத்து நழுவவிடுவது ஒரு வகை; பசையுள்ள முகத்தை அழுத்தி ஒட்டியபின் மேல்தாளை நனைத்து உரிக்கும் 'பிரஸ்ஃபிக்ஸ்' மற்றொன்று; மெதிலேட்டட் ஸ்பிரிட் கலந்த நீரால் ஒட்டும் 'மெத்ஃபிக்ஸ்' மூன்றாவது. பின்னிரண்டும் ஹிஸ்டாரிகல் மாடல் ரயில்வே சொசைட்டியின் தாள்களாகவே பெயர் பெற்றவை. பிரிட்டிஷ் ரயில்வேஸின் வழக்கமான எட்டு அங்குல இலக்கம் நான்கு மில்லிமீட்டர் அளவில் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான உயரமே உள்ளது. ஐந்து இலக்கங்களையும் ஒரே கோட்டில் நிறுத்துவதற்குத் தேவையான பொறுமையை மிச்சப்படுத்தவே, கடைசி ஓரிரு இலக்கங்களை மட்டும் அழித்து மாற்றும் உத்தி பிறந்தது. அவ்வாறு மாற்றினால் எட்டக்கூடிய எண்கள் எவையென்று முன்பே பட்டியலிட்டு, அவற்றுள் தமக்கு வேண்டிய ஊரில் பணியாற்றிய எஞ்சின் உண்டா என்று தேடுவோரைச் சோம்பேறிகள் என்று சொல்ல இயலாது.

எஞ்சின்களைப் பற்றி இவ்வளவு அக்கறை காட்டிய உலகம், ரயிலின் மறுமுனையில் நிற்கும் பிரேக் வேனை நெடுநாள் கவனிக்கவில்லை. சரக்கு ரயிலின் கடைசியில் கார்டு தனியே அமர்ந்து செல்லும் பெட்டியை இந்தியாவில் பார்த்திருப்பவர்களுக்கு அதன் உருவம் புதிதன்று; பிரிட்டனில் நீராவிக் காலத்தில் அதன் வேலை இன்னும் கடுமையானதாக இருந்தது. அங்கே பெரும்பாலான சரக்கு வண்டிகளில் எஞ்சினிலிருந்து இயக்கக்கூடிய பிரேக் இருக்கவில்லை. தளர்ந்த சங்கிலிகளால் ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருந்த அவ்வண்டிகளை நிறுத்த எஞ்சினின் பிரேக்கும், கடைசி வேனில் கார்டு சக்கரப்பிடியைச் சுற்றி இறுக்கும் கைப்பிரேக்குமே இருந்தன. இறக்கத்தில் வண்டிகள் முட்டிக்கொள்ளாதபடியும், சமதளத்தில் சங்கிலிகள் வெடுக்கென்று இழுபட்டு அறுந்துவிடாதபடியும் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. ஏற்றத்தில் சங்கிலி அறுந்தால் பின்னோக்கி உருளும் பகுதியைப் பிடித்து நிறுத்தவேண்டியவரும் அவரே. வேனின் பின்னால் தொங்கும் சிவப்பு விளக்கைக் கண்ட பின்னரே, ரயில் முழுமையாகக் கடந்துவிட்டது என்று சிக்னல் அறையிலிருப்பவர் முடிவு செய்வார். பக்க விளக்குகள் இரண்டும் முன்னோக்கி வெள்ளையும் பின்னோக்கிச் சிவப்பும் காட்டுவதால், ஓட்டுநர் திரும்பிப் பார்த்தே தன் ரயில் அறுபடவில்லை என்று அறிவார். கடையில் வாங்கும் வேனில் இந்த விளக்குகள் பெரும்பாலும் இருப்பதில்லை. விளக்கின்றி ஓடும் சரக்கு ரயில் உண்மையில் அடுத்த சிக்னலிலேயே நிறுத்தப்பட்டிருக்கும் என்பதால், உறுப்பு சேர்ப்போர் முதலில் செய்யவேண்டியது இந்த மூன்று விளக்குகளையும் பொருத்துவதே. அடுத்து, உடலோடு ஒட்டி வார்க்கப்பட்டிருக்கும் கைப்பிடிகளைச் சீவி எறிந்து மெல்லிய பித்தளைக் கம்பியை வளைத்துப் பதிப்பதும், அடுப்பின் புகைக்குழாயை மாற்றுவதும், கார்டு எட்டிப் பார்க்கும் பக்கவாட்டுப் புடைப்பின் சாளரத்துக்குக் கண்ணாடி இடுவதும் வழக்கம்.

வேனின் எண் எஞ்சினின் எண்ணைப் போலப் புகழ் பெறாவிட்டாலும், அதைச் சுற்றியுள்ள எழுத்துகள் அதிகம் பேசும். கிரேட் வெஸ்டர்ன் தன் தந்திக் குறியீட்டில் 'டோட்' என்று அழைத்த வேன்களின் பக்கத்தில் அவை சேர்ந்த ஊரின் பெயரையே எழுதியது; ஆகையால் எண்ணை மாற்றிவிட்டுப் பழைய ஊர்ப்பெயரை விட்டுவைப்பது பாதி வேலைதான், ஒரு கார்ன்வால் கிளைப்பாதையில் லண்டன் பணியிடத்தின் வேன் தினமும் வந்து நிற்பதற்கு விளக்கம் சொல்லவேண்டியிருக்கும். அதே நிறுவனம் 1904 முதல் 25 அங்குல உயரத்தில் எழுதிய தன் பெயரெழுத்துகளைப் பின்பு 16 அங்குலமாகவும், 1936 வாக்கில் ஐந்து அங்குலமாகவும் சுருக்கியது; மாதிரியில் எட்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேலிருந்து ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேலாக இறங்கும் இந்த எழுத்துயரம் ஒரு வேனின் காலத்தை எண்ணைவிடத் தெளிவாகச் சொல்லிவிடும். 1948க்குப் பின் பழைய வேன்களின் எண்ணுக்கு முன் அவை வந்த நிறுவனத்தைக் காட்டும் எழுத்து சேர்ந்தது. புதிதாகக் கட்டியவை பி என்ற எழுத்தைப் பெற்றன. நார்த் ஈஸ்டர்ன் வடிவத்தைத் தழுவி பிரிட்டிஷ் ரயில்வேஸ் கட்டிய 20 டன் வேனின் சக்கர இடைவெளி 16 அடி, மாதிரியில் 64 மி.மீ. வேறொரு வண்டியின் அடிச்சட்டத்தையே வேனுக்கும் பயன்படுத்திச் செலவைக் குறைத்த பழைய விளையாட்டு வேன்கள் இந்த ஓர் அளவிலேயே தோற்றுவிடும். அவற்றுக்கு எந்த எண்ணை இட்டாலும் பயனில்லை. 1960களின் இறுதியில், எல்லா வண்டிகளிலும் பிரேக் இணைந்த ரயில்களில் கார்டு எஞ்சினின் பின்புற ஓட்டுநர் அறையில் அமர விதி இடமளித்தபோது வேன்கள் குறையத் தொடங்கின. 1968 ஆகஸ்டில் முக்கியப் பாதைகளில் நீராவி எஞ்சின்களின் பணியும் முடிந்தது.

நீராவி ஓய்ந்தபின் மாதிரிகளின் தரம் உயர்ந்தது. 1970களின் நடுவில் ஏர்ஃபிக்ஸும், ஹாங்காங்கின் காடர் தொழிற்சாலையில் செய்வித்து 'மெயின்லைன்' என்ற பெயரில் விற்ற பாலிடாயும் போட்டியில் இறங்கின. பாக்மன் நிறுவனத்தை வாங்கிய காடர் பின்னர் தானே பிரிட்டிஷ் மாதிரிகளைக் கொணர்ந்தது. மார்கேட் நகரத்து ஹார்ன்பி தன் உற்பத்தியைச் சீனாவுக்கு மாற்றியது. கையால் வளைத்துப் பொருத்தவேண்டியிருந்த கம்பிகளும் குழாய்களும் இப்போது பெட்டிக்குள்ளேயே சிறு பையில் வருகின்றன, ஒரே வார்ப்பிலிருந்து பல ஓட்டுநர் அறைகளும் பல புகைபோக்கிகளும் வெளிவருகின்றன, ஒரு வகைக்கு ஆண்டுதோறும் புதிய எண்கள் அச்சாகின்றன. முன்பு வாங்குவோர் செய்த ஆய்வின் பெரும்பகுதியைத் தொழிற்சாலை ஏற்றுக்கொண்டபோதும் மறுஎண்ணிடல் மறைந்துவிடவில்லை. நூறு பவுனுக்கு மேல் விலையுள்ள எஞ்சின்மீது மெருகுக் குழம்பைத் தடவும் துணிவு வேண்டியிருப்பதுதான் புதிய தடை. தண்டவாள இடைவெளியே உண்மைக்கு 18.83 மி.மீ. இருக்கவேண்டும் என்று 1960களில் வாதிட்டுப் புதிய அளவுமுறையை உருவாக்கியவர்களோ, எண்ணைத் தொடுமுன் சக்கரங்களையே கழற்றிவிடுகிறார்கள்.

பாதுகாக்கப்பட்ட உண்மை எஞ்சின்கள் இந்தக் குழப்பத்துக்குத் தம் பங்கைத் தொடர்ந்து அளிக்கின்றன. 'ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்' 1923இல் 1472 ஆகப் பிறந்து, 4472 ஆகி, 1946இல் சிறிது காலம் 502 ஆகவும் பின் 103 ஆகவும், நாட்டுடைமைக்குப் பின் 60103 ஆகவும் ஓடியது. அது 'ஏ1' வகையிலிருந்து பெரிய கொதிகலனுள்ள 'ஏ3' வகையாக மாற்றப்பட்டது 1947இல், அதாவது 4472 என்ற எண்ணை இழந்த பிறகு. 1963இல் ஓய்வு பெற்றபோது தனியார் ஒருவர் அதை வாங்கி மீண்டும் பச்சை வண்ணத்தில் 4472 ஆக்கினார்; ஆகவே 'ஏ3' உடலில் 4472 என்ற எண் பாதுகாப்புக் காலத்துக்கு முன் எந்த ரயிலையும் இழுத்ததில்லை, ஆனால் உலகம் அறிந்த உருவம் அதுவே. 1930களின் ரயிலை அமைப்பவர் அந்த உருவத்தின் மாதிரியை வாங்கினால் கொதிகலனை மாற்றவேண்டும். 1960களின் சிறப்புச் சுற்றுலா ரயிலை அமைப்பவர் எதையும் தொடவேண்டியதில்லை. 2011இல், பெரும் பழுதுபார்ப்புக்கு நடுவே அந்த எஞ்சின் போர்க்காலக் கறுப்பு வண்ணத்தில் காட்சிக்கு வந்தபோது, ஓட்டுநர் அறையின் ஒரு பக்கம் 103 என்றும் மறுபக்கம் 502 என்றும் எழுதப்பட்டிருந்தது.